பிளஸ் ஒன்னில் இருந்தே கல்லூரிக்குத் தயாராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் பள்ளிக் கணினி அறையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுத் தருவேன். அங்கே வந்து நிற்கிறவர்களில் பலருடைய வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. பிள்ளையிடம் மதிப்பெண் இருக்கும். ஒரு சான்றிதழ் இருக்காது. அல்லது பிளஸ் ஒன்னில் எடுத்த குரூப், இப்போது ஆசைப்படும் படிப்புக்குப் பொருந்தாது. மே மாதத்தில் அதைச் சரிசெய்ய நேரம் கிடையாது. இரண்டு வருடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியவற்றை, மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளாகவே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறவர்களுக்காக எழுதியது.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டேன். எந்த குரூப் எடுப்பது?

என்ன படிக்கப் போகிறோம் என்று பதினைந்து வயதில் தெரியாமல் இருப்பது இயல்புதான். அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: எந்த குரூப் எடுத்தால் எந்தக் கதவு மூடும்?

கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் பொறியியல் கலந்தாய்வு ஏறக்குறைய மூடிவிடும். உயிரியல் பக்கம் போகாமல் கணினி அறிவியல் குரூப் எடுத்தால் மருத்துவம், கால்நடை மருத்துவம், செவிலியர் படிப்பு எல்லாம் மூடும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் இரண்டு பக்கமும் திறந்து வைக்கும். ஆனால் சுமை அதிகம். பத்தாம் வகுப்பில் கணிதத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளையை, "முதல் குரூப் தான் கௌரவம்" என்று அதில் தள்ளாதீர்கள். இரண்டு வருடமும் கணிதத்தைக் கண்டு பயந்தே மற்றப் பாடங்களிலும் விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வணிகவியல் எடுத்தால் பி.காம்., சி.ஏ. என்று தெளிவான பாதை இருக்கிறது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப் என்றாலும் சரி. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறது. தொழிற்கல்விப் பிரிவு எடுத்தவர்களுக்கும் பொறியியலில் தனி இடங்கள் உண்டு. இது நிறைய பேருக்குத் தெரிவதே இல்லை.

பிளஸ் ஒன்னுக்குத்தான் இப்போது பொதுத்தேர்வு இல்லையே, கொஞ்சம் ஓய்வெடுக்கலாமா?

வேண்டாம். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பல பள்ளிகளில் பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் திணறினார்கள். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. அழுத்தம் குறைந்தது நல்லதுதான். பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கணிதத்தில் வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் எல்லாம் தொடங்குவது பிளஸ் ஒன் புத்தகத்தில்தான். பொறியியல் முதல் பருவத்தில் மீண்டும் அதே அணிகளும் நுண்கணிதமும்தான் வந்து நிற்கும். மருத்துவத்துக்கான நீட், ஐஐடி போன்ற கல்லூரிகளுக்கான ஜேஇஇ ஆகிய நுழைவுத் தேர்வுகளில் இரண்டு வருடப் பாடங்களும் கேட்கப்படும். என் வகுப்பிலேயே சொல்கிறேன்: நியூட்டன் விதிகளைப் பிளஸ் ஒன்னில் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பிளஸ் டூ இயற்பியல் பாதி பாரம்தான்.

கட்-ஆஃப் என்கிறார்களே, அது எப்படிப் போடுகிறார்கள்?

தரவரிசை போடுவதற்காகக் குறிப்பிட்ட பாடங்களிலிருந்து கணக்கிடும் மதிப்பெண் அது. பொறியியலுக்கு 200க்குக் கணக்கு. கணித மதிப்பெண் முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக 50, 50.

இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். முதல் பெண் கணிதம் 84, இயற்பியல் 76, வேதியியல் 82. கூட்டினால் 242. கட்-ஆஃப் 84 + 38 + 41 = 163. இரண்டாவது பெண் கணிதம் 70, இயற்பியல் 90, வேதியியல் 94. கூட்டினால் 254. கட்-ஆஃப் 70 + 45 + 47 = 162. மொத்தத்தில் பன்னிரண்டு மதிப்பெண் கூடுதலாக எடுத்தவள் தரவரிசையில் பின்னால் நிற்கிறாள். ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். கட்-ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணைத்தான். ஆகவே பொறியியல் என்று முடிவெடுத்தவர்கள் தினமும் கணிதத்துக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

கால்நடை மருத்துவத்துக்கு இதே மாதிரி, ஆனால் கணிதத்தின் இடத்தில் உயிரியல். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள்; பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண். "மொழிப்பாடம் கட்-ஆஃபில் வராது" என்று தமிழை ஒதுக்கிவிட்டு, பிறகு தமிழ் இலக்கியம் படிக்க ஆசைப்பட்ட ஒரு மாணவன் என்னிடம் வந்து நின்றிருக்கிறான்.

என்னென்ன சான்றிதழ் வேண்டும்? எப்போது எடுப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். மே மாதக் கண்ணீரில் பெரும்பகுதி இதனால்தான்.

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேசை மேசையாக நகரும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தாலுகா முழுவதும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பிளஸ் ஒன் காலாண்டு விடுமுறையில் போனால் கூட்டமே இருக்காது. வருமானச் சான்றிதழ் மட்டும் புதிதாக எடுத்ததைக் கேட்பார்கள் என்பதால் அதைப் பிளஸ் டூ படிக்கும்போது எடுத்தால் போதும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கிடைக்காது.

பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வார்த்தை. உங்கள் சாதிச் சான்றிதழைத் தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். நேரில் விசாரித்துத் தருவதால் மாதக்கணக்கில் ஆகலாம். இருளர் குடியிருப்பிலிருந்து வந்த மாணவி ஒருத்திக்கு ஒன்பதாம் வகுப்பில் விண்ணப்பித்துப் பிளஸ் ஒன் முடிகிற நேரத்தில்தான் கைக்கு வந்தது. முன்கூட்டியே போட்டதால் தப்பித்தாள். ஆசிரியர்களும் கூடப் போய் நின்றால் வேலை நடக்கும், கேட்கத் தயங்காதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. நம் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலத்துக்கு உள்ளேதான் செல்லும். ஜேஇஇ, நீட் அகில இந்திய ஒதுக்கீடு, மத்தியப் பல்கலைக்கழகம் என்று போனால் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக, மத்திய அரசின் படிவத்தில், அந்த நிதியாண்டுக்கு உரியதாக வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். ஒரு மாணவியின் சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் வேலு, மார்க் ஷீட்டில் வேலுச்சாமி. ஆளும் ஒருவர்தான், வீடும் ஒன்றுதான். சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவள் அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி இவைதான் அடிப்படை. ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் எல்லாம் அதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பள்ளியில் நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வுக்கு அனுப்பும் மாணவர் விவரப் பட்டியல், சரிபார்க்கக் கொடுக்கும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாமல் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்ததற்கு ஏதாவது முன்னுரிமை உண்டா?

உண்டு, அதுவும் பெரியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. இதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போய்விட்டு வந்தாலும் சிக்கல். "பிளஸ் டூ மட்டும் நல்ல பிரைவேட்டில் சேர்க்கலாமா" என்று கேட்கும் பெற்றோருக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். அரசு உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது.

கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் வேறு. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் தொடங்கியது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இவற்றில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்ந்துகொள்ளலாம். பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே ஆதார் இணைத்த கணக்கு ஒன்றை இப்போதே தொடங்கி வையுங்கள்.

பிளஸ் ஒன் படிக்கும்போதே உதவித்தொகை கிடைக்குமா?

இரண்டு தேர்வுகளைத் தவறவிடாதீர்கள். தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடத்துக்கு மாதம் 1,500 ரூபாய் தருகிறார்கள். பாதி இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி பிளஸ் ஒன் மாணவர்களுக்கு மட்டும். தேர்வாகும் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை. வகுப்பாசிரியரிடம் "எப்போது விண்ணப்பம்" என்று நீங்களே கேளுங்கள்.

டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. நீட் இல்லாமல் மருத்துவத் துறைக்குப் போக வழி இருக்கிறதா?

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா எல்லாவற்றுக்கும் நீட் வேண்டும். 180 கேள்வி, 720 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். தமிழிலும் எழுதலாம். இரண்டு வருடமும் பள்ளிப் பாடத்தோடு சேர்த்தே அதற்குப் படித்தால் முயன்று பாருங்கள்.

ஆனால் மருத்துவமனை என்பது டாக்டர்களால் மட்டும் ஓடுவதில்லை. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., ஆய்வகப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் சேர்க்கை. கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டுக்கும் அப்படியே. நீட்டுக்காக ஒரு வருடம் வீட்டில் இருந்து படிப்பது அவரவர் முடிவு. இரண்டாவது, மூன்றாவது வருடமும் வீட்டிலேயே இருப்பதை நான் ஆதரிப்பதில்லை. தோழிகள் எல்லாம் கல்லூரியில் இருக்க, அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகம் மாறிப் போனதை அருகிலிருந்து பார்த்தேன். இன்று அவள் நர்சிங் மூன்றாம் ஆண்டு. பேச்சும் சிரிப்பும் திரும்பிவிட்டன.

ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் எல்லாம் நமக்கு எட்டுமா?

எட்டும். எட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், விண்ணப்பிக்கும் காலம் தெரியாததுதான். ஜேஇஇ முதன்மைத் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கும், தமிழிலும் எழுதலாம். ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ அரையாண்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். அதன் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும்.

திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நம் மாநிலத்திலேயே. அதற்கு கியூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. கியூட் 2022இல் இளநிலைப் படிப்புகளுக்கு வந்தபோதிலிருந்து ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கேட்கிறேன். கை தூக்குபவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷில் நடத்துவார்களாமே?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் தமிழ் வழியில் படித்தவள். முதல் செமஸ்டரில் 'ஆக்சிலரேஷன்' என்று பேராசிரியர் சொல்ல, அது நமக்குத் தெரிந்த முடுக்கம்தான் என்று புரிய எனக்கு அந்த வகுப்பே முடிந்துவிட்டது.

பாடநூல்களின் ஆங்கில வழிப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். படம், கணக்கு, எண் எல்லாம் தமிழ்ப் புத்தகத்தில் உள்ளவையே. ஒரு பாடம் தமிழில் முடித்ததும் அதே பாடத்தை ஆங்கிலத்தில் வைத்து, பக்கத்துப் பக்கம் படியுங்கள். சொற்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: விசை, உந்தம், மின்தடை, இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். தினமும் ஐந்து சொல் போதும். இரண்டு வருடத்தில் முதலாண்டுக்கு வேண்டிய சொற்கள் கையில் இருக்கும். பேச்சு ஆங்கிலம் பிறகு வரும். முதலில் பாட ஆங்கிலம்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியிலேயே படிக்கலாம், 2010இலிருந்து இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று சான்று காட்ட வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அந்தச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் எல்லோரும் எங்கே தவறு செய்கிறார்கள்?

விருப்பப் பட்டியலில். கலந்தாய்வு 2018 முதல் முழுக்க இணையத்தில் நடக்கிறது. 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு எண் 1. ஒரே மாதிரிப் பெயரில் ஐந்தாறு கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். ஐந்தே ஐந்து போட்டுவிட்டு எதுவும் கிடைக்காமல் நின்றவர்கள் உண்டு. உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த வரிசையில் போடுங்கள். "இது கிடைக்காது" என்று நீங்களே முடிவு செய்து மேலே இருக்க வேண்டியதைக் கீழே தள்ளாதீர்கள். மேலே போட்டதால் எந்த நஷ்டமும் இல்லை. கிடைத்தாலும் சேர விருப்பமில்லாத கல்லூரியைப் போடவே வேண்டாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாள் அளவில்தான் அவகாசம். அதற்குள் ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன், வேண்டாம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சும்மா இருந்தால் இடம் போய்விடும்.

இதில் தொலைபேசி எண்ணும் ஒரு பிரச்சினை. ஒரு பையனின் அப்பா திருப்பூரில் வேலை செய்கிறார். பதிவு செய்தது அவர் எண். ஓடிபி வரும்போது அவர் மெஷினில் இருப்பார், போனை எடுக்க முடியாது. கடைசி நாள் மாலை வரை நாங்கள் இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தோம். உங்கள் கையில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள், நான்கு வருடத்துக்கு அதை மாற்றாதீர்கள்.

நல்ல கல்லூரி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பஸ்ஸில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் தெரியாது. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்திலும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விவரம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக்கின் தரமதிப்பீடு இருக்கிறதா பாருங்கள். பிறகு ஒரு நாள் நேரில் போய், வாயிலில் நிற்கும் மாணவர்களிடம் பேசுங்கள்: ஆய்வகம் திறந்திருக்கிறதா, ஒரே ஆசிரியர் வருடம் முழுக்க வருகிறாரா, உங்கள் துறையில் போன வருடம் முடித்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார். ரசீது இல்லாமல் நன்கொடை கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 1992இலேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது.

கலைக் கல்லூரியில் சேர்ந்தால் எதிர்காலம் இருக்கிறதா?

இருக்கிறது. 160க்கும் மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு, விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான். கணிதமோ பொருளாதாரமோ வரலாறோ, பிடித்ததை ஒழுங்காகப் படித்த பிள்ளை, ஆர்வமில்லாமல் பொறியியலில் அரியர் வைத்த பிள்ளையை விட நன்றாக வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டால்?

ஒரு வருடம் போகாது. சில வாரங்களிலேயே துணைத்தேர்வு வரும். அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. பாலிடெக்னிக்கில் சேர்ந்து டிப்ளமோ முடித்தால் நேராகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ரிசல்ட் அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், அன்று திட்டவும் வேண்டாம்.

பணத்துக்கு என்ன செய்வது?

முதலில் மேலே சொன்ன ஒதுக்கீடும் உதவித்தொகையும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசு விடுதிகள் இருக்கின்றன. 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். அதற்கும் போதாவிட்டால் கல்விக் கடன். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நான்கு லட்சம் வரை சொத்துப் பிணையம் தேவையில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கினால் போதும். கந்துவட்டிக்குப் போகாதீர்கள்.

நான் பள்ளிக்கூடமே போகாதவள். என் பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும்?

போன வருடம் ஓர் அம்மா ஜவுளிக்கடைப் பை ஒன்றோடு வந்தார்கள். வயல் வேலையிலிருந்து நேராக வந்த கால். பைக்குள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளியில் கொடுத்த ஒவ்வொரு தாளும், ஒவ்வொரு சான்றிதழின் ஐந்து நகலும், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களும் தனித்தனிக் கவரில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாததால், எது எது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு கவரின் மூலையிலும் வெவ்வேறு நிறத்தில் நூல் கட்டியிருந்தார்கள். சிவப்பு நூல் சாதிச் சான்றிதழ், பச்சை நூல் வருமானச் சான்றிதழ். நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் இருபது நிமிடத்தில் முடிந்தது.